ஒரே குதிரையில் இருவர்

சில வருஷங்களுக்கு முன் வாரப் பத்திரிகை ஒன்றில் நான் ஒரு சரித்திரத் தொடர்கதை எழுதி வந்தேன். அதில் ஓர் அத்தியாயத்தில் கதாநாயகனும் கதாநாயகியும் ஒரே குதிரையில் ஏறித் தப்பி ஓடுகிறார்கள். பொழுது சாயும் நேரத்தில் வைகையின் வடகரையிலிருந்து புறப்பட்டவர்கள், கீழ்வானம் வெளுக்கும்போது திண்டுக்கல் பாறையின் அடிவாரத்தில் வந்து இறங்குகிறார்கள். இறங்கியதும் இளவரசி கூந்தலை ஒதுக்கிக்கொண்டு, விடிவெள்ளியைச் சுட்டிக் காட்டி ஏதோ அழகாகச் சொல்கிறாள். சித்திரக்காரர் போட்ட படமும் பொருத்தமாக அமைந்துவிட்டது. பாராட்டுக் கடிதங்கள் வந்தன.

அவற்றோடு ஒரு கார்டும் வந்தது. திண்டுக்கல்லிலிருந்தே ஓர் அன்பர் எழுதியிருந்தார். ஒரே ஒரு வரிதான்: "ஐயா, தாங்கள் எப்போதாவது குதிரை ஏறியது உண்டா?"

நான் பதில் எழுதவில்லை. எழுத முடியாத காரணம் இருந்தது. குதிரை ஏறியிருக்கிறேன், என் மனைவியோடு சேர்ந்தே ஏறியிருக்கிறேன். அதுவும் அதே திண்டுக்கல் பக்கத்தில்தான். அப்படி ஏறிய பிறகும் அந்த அத்தியாயத்தை அப்படி எழுதினேன் என்பதுதான் சங்கடம். அந்த அன்பருக்கு அன்று எழுதாத பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாம் வருஷம் அது. திண்டுக்கல்லில் ஓர் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போனவர்கள், மறுநாள் சிறுமலையைப் பார்க்கக் கிளம்பினோம். 18 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து பஸ் எங்களை மேலே கொண்டுபோய் விட்டது. பழையூருக்கு அப்பால், சாலை இல்லாத ஓர் உட்கிடைச் சிற்றூரில் எங்களை எதிர்பார்த்து ஒரு நண்பர் இருந்தார். அங்கே போகக் கால் இருக்கிறது; இல்லாவிட்டால் குதிரை இருக்கிறது. சிறுமலையில் குதிரை என்றால் ராஜா ராணிக் குதிரையல்ல. வாழைத்தாரும் எலுமிச்சை மூட்டையும் பலாப்பழமும் சுமந்து இறங்குகிற மட்டக்குதிரை. அதற்குச் சேணம் கிடையாது, அங்கவடி கிடையாது. முதுகின்மேல் வைக்கோல் திணித்த சாக்கு மெத்தை, அதன் மேல் கயிறு. அவ்வளவுதான்.

நான் தயங்கியதைக் கண்டு குதிரைக்காரப் பெரியவர் சிரித்தார். "பயப்படாதீங்க சார். வாழைத்தாரே விழாது, நீங்களா விழப் போறீங்க?" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. வாழைத்தாரை அவர் கயிறு போட்டு இறுக்கிக் கட்டுவார், எங்களைக் கட்டவில்லை. போகும்போது ஒரு விபத்தும் நேரவில்லை. திரும்பி வரும்போது லேசாகத் தூறல் பிடித்துக்கொண்டது. சரிவான ஓரிடத்தில் பாறைமேல் கால் வைத்த என் மனைவியின் குதிரை வழுக்கி முன்னங்காலை மடித்தது. அவள் அதன் கழுத்தின் வழியாகவே சறுக்கிக் கீழே போனாள். என் குதிரை மிரண்டு பக்கவாட்டில் ஒதுங்கியது. அது ஒதுங்கியபோது நான் ஒதுங்கவில்லை. நின்ற இடத்திலேயே, ஆனால் தரையில், இருந்தேன். எனக்கு முழங்கால் சிராய்ப்பு. அவளுக்கு இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

கீழே வந்து ஒரு நாட்டு வைத்தியரிடம் போனோம். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, துணி சுற்றி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். ஆறு வாரம் அந்தக் கட்டு. அரிசி களைவதிலிருந்து தலை பின்னுவது வரை எல்லாவற்றுக்கும் இன்னொருவர் கை வேண்டியிருந்தது. அவள் அதைப் பற்றிக் குறை சொன்னதே இல்லை. பல வருஷம் கழித்து அந்தத் தொடர்கதை அத்தியாயம் வெளிவந்த அன்று, படித்து முடித்துவிட்டு, "என்னங்க, இந்தப் பொண்ணு குதிரையிலிருந்து இறங்கினப்போ காலு மரத்துப் போயிருக்காதா?" என்று மட்டும் கேட்டாள்.

அன்று முதல், சரித்திரத்தில் குதிரை ஏறியவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், அவர்கள் எப்படி இறங்கினார்கள் என்று தேடுவது எனக்கு வழக்கமாகிவிட்டது.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். நம் கதைகளில் குதிரைகள் ஏராளம். நம் நாட்டிலோ குதிரை அருமை. நம் சீதோஷ்ணம் அதற்கு ஒத்துக்கொள்வதில்லை. பாண்டியர்கள் அதைக் கடல் கடந்து வாங்கினார்கள். ஆர்மஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் அரபுக் கரையின் மற்றத் துறைகளிலிருந்தும் கப்பல் கப்பலாகக் காயலில் வந்து இறங்கிற்று. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கே வந்து போன மார்க்கோ போலோ, பாண்டிய மன்னன் வருஷத்துக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குவதாகவும், வருஷ முடிவில் அவற்றில் நூறுகூட மிஞ்சுவதில்லை என்றும் எழுதிவைத்தார். லாடம் கட்டவும் வைத்தியம் பார்க்கவும் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. அப்படிப்பட்டவர்கள் வரவும் குதிரை வியாபாரிகள் விடமாட்டார்கள். குதிரை சாகச் சாகத்தானே வியாபாரம்? அதற்குச் சோறும் மாமிசமும் வேகவைத்துப் போடுகிறார்கள் என்று அவர் ஆச்சரியப்படுகிறார். நல்ல ஜாதிக் குதிரைக்கு இங்கே பிறக்கும் குட்டியும் கால் கோணலாய்ப் பிறக்கிறது என்கிறார். பாரசீகத்து வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் விலையையும் சொல்கிறார்: ஒரு குதிரைக்கு 220 செம்பொன் தினார். வழியில் கப்பலிலேயே செத்துப்போன குதிரைக்கும் பாண்டியன் கஜானாவிலிருந்து பணம் உண்டாம்.

மாணிக்கவாசகரைக் குதிரை வாங்கப் பொன்னோடு அனுப்பிய பாண்டியனின் கோபம் எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும் என்பது இந்தக் கணக்கைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

இத்தனை விலை கொடுத்து வாங்கிய பிராணி, ஏறியவனைத் தள்ளவும் தயங்குவதில்லை. டில்லி சுல்தான் குத்புதீன் ஐபெக் 1210-ல் லாகூரில் குதிரைப் பந்தாட்டம் ஆடும்போது விழுந்தே மாண்டார். இங்கிலாந்தின் மூன்றாம் வில்லியம் மன்னரின் குதிரை 1702-ல் ஓர் அகழெலி தோண்டிய குழியில் கால் வைத்து இடறிற்று. மன்னர் பிழைக்கவில்லை. அவருடைய விரோதிகள் பிற்பாடு அந்த எலியின் பெயரால் மது அருந்தினார்களாம்!

தம்பதியாகப் போய் விழுந்த கதை ஒன்றும் உண்டு. பர்கண்டி நாட்டுக்கு உரியவளான மேரி, தகப்பன் போரில் மடிந்த பிறகு பத்தொன்பது வயதில் பட்டத்துக்கு வந்தவள். ஆஸ்திரிய இளவரசன் மாக்ஸிமிலியனை மணந்தாள். இருவருக்கும் வேட்டையில் பிரியம். அதிலும் வல்லூறு விட்டுப் பறவை பிடிப்பது அவளுக்கு உயிர். 1482-ஆம் ஆண்டு வசந்தத்தின் தொடக்கத்தில் கணவனோடும் மற்றவர்களோடும் வேட்டைக்குப் போனாள். குதிரை இடறியது. அவள் விழுந்தாள், அவள்மேல் குதிரை விழுந்தது. முதுகெலும்பு முறிந்தது. சில வாரம் கிடந்து, மார்ச் 27-ல், 25 வயதில் இறந்தாள். மூத்த பிள்ளைக்கு நான்கு வயதுகூட நிரம்பவில்லை. அந்த ஒரு விழுகையால் அவளுடைய பிதுரார்ஜிதம் ஆஸ்திரிய வம்சத்தின் கைக்குப் போயிற்று. அதைப் பங்கு போடுவதில் ஐரோப்பா பல தலைமுறைக்குச் சண்டையிட்டது. மாக்ஸிமிலியன் பின்னால் சக்கரவர்த்தியானான். விதவை ஆனவன் ஆண் என்றால் வேட்டைக்கும் ராஜ்யத்துக்கும் திரும்பிப் போகலாம். பெண் என்றால் எங்கே போவது?

இதற்குச் சென்ற காலத்துத் தமிழ்நாடு சொன்ன விடை செஞ்சியில் இருக்கிறது.

தேசிங்கு ராஜன் கதை நமக்கெல்லாம் பாட்டாகத்தான் தெரியும். 1960-ல் சினிமாவாகவும் வந்தது. பாட்டில் அவனுடைய குதிரை பாராசாரிக்கு அவனுக்குச் சமமான இடம். சரித்திரத்தில் அவன் பெயர் தேஜ் சிங். புந்தேலர் குலத்தவன். தகப்பன் சொரூப் சிங் இறந்ததும் வடக்கேயிருந்து மனைவியோடு வந்து செஞ்சிக் கோட்டையை ஏற்றுக்கொண்டான். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் பாக்கிக் கப்பணம் கேட்டார். பையன் கொடுக்கவில்லை. 1714-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் சண்டை. அவனோ சிறிய படையோடு ஒரு பெரிய படையை எதிர்த்துப் பாய்ந்தான். உயிர் நண்பன் மகபத் கான் கூடவே போய் மடிந்தான். குதிரையின் காலை வெட்டிச் சாய்த்தார்கள். தரையில் நின்று வாள் வீசியவன் அங்கேயே வீழ்ந்தான். இருபத்திரண்டு வயது என்பார்கள். செஞ்சியை அவன் ஆண்டது சில மாதங்களே.

அவனுடைய மனைவி உடன்கட்டை ஏறினாள். அவள் நினைவாகவே ராணிப்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்தது என்பது நெடுநாளைய வழக்கு. பாட்டுப் பாடுகிறவர்கள் குதிரையின் வீரத்துக்கு எத்தனையோ அடி செலவிடுகிறார்கள். அந்தப் பெண்ணுக்குக் கொடுப்பது தீயை மட்டுந்தான். புந்தேல்கண்டில் பிறந்து, பாஷை தெரியாத ஊருக்குப் புருஷனை நம்பி வந்த பெண் அவள். வேறு என்ன வழி இருந்தது என்று நாம் இன்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது.

வட நாட்டு வழக்கம் அது என்று தள்ளிவிடவும் முடியாது. 1710-ல் ராமநாதபுரத்தில் கிழவன் சேதுபதி இறந்தபோது 47 மனைவியர் சிதையில் ஏறியதாக ஏசு சபைப் பாதிரிமார் கடிதத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சேதுபதிகளின் குடும்பத்தில்தான் 1730-ல் வேலு நாச்சியார் பிறந்தார். செல்லமுத்து சேதுபதியின் ஒரே மகள். குதிரையேற்றமும் சிலம்பமும் வாளும் பயின்றவர். பல பாஷைகள் அறிந்தவர். சிவகங்கையின் முத்துவடுகநாதப் பெரிய உடையாத் தேவருக்கு 1746-ல் மாலையிட்டார். இருவரும் ஒன்றாகக் குதிரையில் போயிருப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என்னைப் போன்ற நாவலாசிரியனுக்கு அந்தக் காட்சி ஒன்று போதும். காளையார்கோவில் காட்டில் பத்து அத்தியாயம் சுற்றுவேன்.

ஆனால் 1772-ஆம் ஆண்டு ஜூன் 25 நாவலாசிரியனைக் கேட்டுக்கொண்டு வரவில்லை. ஆர்க்காட்டு நவாப் முகம்மதலிக்காகக் கும்பினிப் படை ராமநாதபுரத்தைப் பிடித்துவிட்டுச் சிவகங்கைமேல் திரும்பியது. கிழக்கிலிருந்து ஜோசப் ஸ்மித், மேற்கிலிருந்து பான்ஜோர். காளையார்கோவிலில் முத்துவடுகநாதர் குண்டுபட்டு வீழ்ந்தார். அவருடைய இளைய மனைவி கௌரி நாச்சியாரும் அங்கேயே உயிரிழந்தார். வேலு நாச்சியார் அப்போது கொல்லங்குடியில் இருந்தார். நவாப் சிவகங்கைக்கு ஹுசேன் நகர் என்று பெயரே மாற்றிவிட்டார்.

உடன்கட்டை ஏறுவதற்கு எல்லாக் காரணமும் இருந்தது. பிறந்த குடும்பத்தின் பழக்கம் இருந்தது; பிறந்த வீடும் எதிரியின் கையில் போய்விட்டது. ஆண் வாரிசு இல்லை. வெள்ளச்சி என்னும் ஒரு பெண் குழந்தை மாத்திரம். நாச்சியார் சிதையில் ஏறவில்லை; குதிரையில் ஏறினார். பிரதானி தாண்டவராய பிள்ளையும் மருது சகோதரர்களும் உடன் வர, மகளோடு திண்டுக்கல் சீமைக்கு, விருப்பாச்சிப் பாளையத்துக்கு வந்து சேர்ந்தார்.

வழி காட்டிக் கொடுக்க மறுத்ததற்காக உடையாள் என்ற பெண் வெட்டுண்டு மாண்டாள் என்றும், பின்னாளில் நாச்சியார் தம்முடைய வைரத் தாலியை அவளுக்குக் காணிக்கையாக்கினார் என்றும் கொல்லங்குடிப் பக்கத்தில் சொல்வார்கள். வெட்டுடையார் காளியம்மன் கோயிலில் இன்றும் அந்தக் கதை உயிரோடிருக்கிறது. நான் அந்தக் கதையை எத்தனையோ தரம் கேட்டிருந்தும், தாலியைக் காணிக்கையாகத் தந்தாள் என்னும் இடம் பழகிப் போகவேயில்லை.

கொல்லங்குடியிலிருந்து விருப்பாச்சிக்கு இன்றைய சாலைக் கணக்கில் 150 கிலோமீட்டருக்குக் குறையாது. ராணிக்கு அப்போது வயது 42. பதினெட்டு வயது இளவரசியை ஓரிரவில் நாற்பது மைல் ஓட்டி, தலைமுடிகூடக் கலையாமல் இறக்கிய எனக்கு, இந்த நாற்பத்திரண்டு என்னும் எண் ஒரு பெரிய கண்டனமாகப் பட்டது.

இதைவிடப் பெரிய கண்டனம் அதற்கப்புறம் வருகிறது. நம் சரித்திரக் கதைகளில் குதிரை ஓட்டம் முடிந்தால் அடுத்த அத்தியாயம் பட்டாபிஷேகம். நாச்சியாருக்கு அடுத்த அத்தியாயம் எட்டு வருஷக் காத்திருப்பு.

திண்டுக்கல் அப்போது மைசூரார் வசம் இருந்தது. 1605-ல் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் கட்டிய மலைக்கோட்டையில் 1755 முதல் ஹைதர் அலியின் கை ஓங்கியிருந்தது. அவர் பெரிய மனிதராக வளர்ந்ததே இந்த ஊர் பௌஜ்தாராக இருந்துதான். அவருடைய சகோதரி அமீருன்னிஸா பேகத்தின் சமாதி இன்றும் பேகம்பூர் மசூதியை ஒட்டி இருக்கிறது. அந்தப் பேட்டைக்குப் பெயர் தந்தவரும் அவரே. விருப்பாச்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர் நாச்சியாருக்குப் புகலிடம் தந்தார். 1801-ல் அவரைக் கும்பினியார் தூக்கில் போட்டது வேறொரு கதை.

1772 டிசம்பர் 8-ந் தேதியிட்டுத் தாண்டவராய பிள்ளை ஹைதருக்கு ஒரு கடிதம் எழுதினார். ஐயாயிரம் குதிரைப் படையும் ஐயாயிரம் காலாட் படையும் கொடுத்தால் சீமையை மீட்டுவிடலாம் என்று கேட்டார். பாண்டியர் வருஷத்துக்கு 2,000 குதிரை வாங்கத் தவித்த நாட்டில், வீடிழந்து வந்த ஒரு விதவைக்காக 5,000 குதிரை கேட்ட அந்தக் கிழவரின் துணிச்சலை என்ன சொல்வது! பதில் உடனே வரவில்லை. மறு வருஷமே பிள்ளை காலமானார். நாச்சியாருக்குத் தகப்பனைப் போல இருந்தவர் அவர்.

பிறகு நாச்சியாரே திண்டுக்கல் கோட்டைக்குப் போய் ஹைதரைப் பார்த்ததாகவும், உருது பாஷையிலேயே தம் வழக்கை எடுத்துச் சொன்னதாகவும் கூறுவார்கள். ஹைதர் ஆச்சரியப்பட்டாராம். ஆச்சரியப்பட்டால் மட்டும் படை வந்துவிடுமா? அவருக்கு மராட்டியரோடு சண்டை; நிஜாமோடு தகராறு. ஹைதருக்கு நாச்சியாரின் சீமை சதுரங்கத்தில் ஒரு காய். இதற்கிடையே சிவகங்கைச் சீமையிலிருந்து ஆட்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். மருதிருவர் அவர்களைத் திரட்டினார்கள். பெண்கள் படை ஒன்றுக்கு உடையாளின் பெயர் வைத்தார்கள் என்பதும் அந்தப் பக்கத்து வழக்கு.

இந்த எட்டு வருஷத்தைப் பற்றிப் பாட்டு அதிகம் கிடையாது. என்ன பாடுவது? காலையில் எழுந்து மகளுக்குத் தலை வாரினாள், யாரோ ஒரு பாளையக்காரர் மறுத்துவிட்டதாகச் செய்தி வந்தது, மறுபடியும் ஓலை அனுப்பினாள், மழை பெய்தது. இதற்கு மெட்டு அமைவது கடினம். ஆனால் குதிரைமேல் இருந்த சில நாட்களைவிட, குதிரையிலிருந்து இறங்கிப் பிறர் நிழலில் இருந்த இந்த எட்டு வருஷத்தில்தான் அந்த அம்மாளின் பலம் முழுவதும் செலவாகியிருக்கிறது என்று எனக்குப் படுகிறது. செஞ்சி ராணிக்கு நம் நாடு கொடுக்காத எட்டு வருஷம் அது. யாரும் நாச்சியாருக்கும் கொடுக்கவில்லை, அவராக எடுத்துக்கொண்டார்.

1780-ல் ஹைதர் பெரும் படையோடு கர்நாடகத்தில் இறங்கிய அதே வருஷம், மைசூர்ப் படையின் துணையுடன் வேலு நாச்சியார் சிவகங்கைக்குத் திரும்பினார். நவாபின் ஆட்கள் வெளியேறினார்கள். நாச்சியார் ஆண்டார், மருது சகோதரர்கள் அவருக்குப் பிரதானிகளாக இருந்தார்கள். 1796-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ல் காலமானார். 2008-ல் இந்திய அரசு அவருக்குத் தபால் தலை வெளியிட்டது.

போன வருஷம் நாங்கள் இருவரும் மறுபடி திண்டுக்கல் போயிருந்தோம். மலைக்கோட்டைப் படியை மெதுவாக ஏறினோம். பாறையில் வெட்டிய படி, வெயிலில் சுட்டது. மேலே நின்றால் கிழக்கே சிறுமலை தெரிகிறது. மேற்கே ஒட்டன்சத்திரத்தை நோக்கிச் சமவெளி விரிந்து கிடக்கிறது. அதற்கும் அப்பால், பழனி மலைத் தொடரின் அடியில் விருப்பாச்சி. மலை வாழைக்குப் பேர் போன ஊர்கள் இரண்டும். எட்டு வருஷமும் நாச்சியார் சிவகங்கை இருக்கும் திசையை எத்தனை தரம் பார்த்திருப்பார் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவி இடது மணிக்கட்டை மற்றக் கையால் பிடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மழைக் காலத்தில் அது இன்றும் வலிக்கும்.

ஊர் திரும்பியதும் அந்த நாவலின் புதுப் பதிப்புக்காக அத்தியாயத்தைத் திருத்தினேன். ஓரிரவுப் பிரயாணத்தை மூன்று நாளாக்கினேன். இளவரசியை ஓர் ஓடைக்கரையில் விழச் செய்து, ஒரு கிழவியின் குடிசையில் அவள் கைக்குக் கட்டுப் போட வைத்தேன். விடிவெள்ளி வசனத்தை எடுத்துவிட்டேன். கையெழுத்துப் பிரதியை மனைவியிடம் கொடுத்தேன்.

படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "கட்டை மூணாம் நாளே அவுத்துட்டீங்களே!" என்றாள்.